திருச்சியில் ஒரு பிளாக்குக்காக அலைந்தது

இந்த முறை ஊருக்குப் போனதே சித்திக்காகத்தான். மார்பகத்தில் புற்றுநோய்க் கட்டி, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நான் எழுத உட்கார்ந்தது அதற்கப்புறம் லேப் கவுன்டரில் பட்ட பாட்டை.

ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் என்கிற ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் நெகட்டிவ், செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 நாற்பது சதவீதம், கட்டியை வளரத் தூண்டும் புரதமான ஹெர்-2க்கு நேரே 2+. "ரெண்டு பிளஸ்னா பரவாயில்லைதானேம்மா?" என்கிறார் சித்தப்பா. யாருமே அவருக்கு விளக்கவில்லை! 0, 1+ வந்தால் நெகட்டிவ், 3+ பாசிட்டிவ், 2+ என்றால் இன்னும் முடிவாகவில்லை, ஃபிஷ் பரிசோதனையில் ஹெர்-2 மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணித்தான் சொல்ல முடியும். பாசிட்டிவ் வகை வேகமாக வளரும், ஆனால் அதற்கென்றே டிராஸ்டுசுமாப் என்ற மருந்து இருக்கிறது. நெகட்டிவ் என்றால் ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றுமே இல்லாத ட்ரிபிள் நெகட்டிவ் வகை சித்திக்கு, அந்த மருந்தால் பலனில்லை, சிகிச்சையே வேறு.

ஃபிஷ்ஷுக்கு, கட்டியை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். கவுன்டரில் கேட்டால், "ரிப்போர்ட்தான் குடுத்தாச்சே மேடம்." டாக்டர் கடிதம் கொண்டுபோனால் பேஷண்ட் நேரில் வரணும் என்றார்கள். தையல் பிரிக்காத சித்தியை ஆட்டோவில் கூட்டிப்போய் நிறுத்தினால், கையெழுத்துப் போடுகிறவர் நாளைக்குத்தான் வருவாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் இருக்கிற மான்செஸ்டரில் 2+ வந்தால் லேபே அடுத்த பரிசோதனைக்கு அனுப்பிவிடும், நோயாளி பிளாக்கைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே நினைத்தவுடன் பெரிய டாக்டரைப் பார்த்துவிட முடியாது. இங்கே சாயங்காலம் கிளினிக்கில் டோக்கன் போட்டு உட்கார்ந்தால் எட்டு மணிக்குள் பார்த்துவிடலாம், அந்தச் சுகம் ஊரில்தான்.

கடைசியில் உதவியது உள்ளே இருந்த டெக்னீஷியன் அக்கா. பிளாக்கைத் தேடியெடுத்து, எண்ணைச் சரிபார்த்து, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் அதைப் போட்ட நேரத்தையும் எழுதிக் கொடுத்தார். வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போடாமல் விட்டாலோ, அதில் ஆறிலிருந்து 72 மணி நேரம் ஊற வேண்டும் என்ற கணக்கு தவறினாலோ முடிவை நம்ப முடியாதாம். கேட்காமலே இதைச் செய்தார், நன்றாக இருக்கணும் அவர்.

ஃபிஷ் பாசிட்டிவ். இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு சித்திக்கு டிராஸ்டுசுமாப் தொடங்கிவிட்டார்கள், நம் நாட்டிலேயே தயாராகும் பயோசிமிலர், அதாவது அசல் மருந்துக்கு இணையான வடிவம். உங்கள் வீட்டு ரிப்போர்ட்டில் 2+ இருந்தால் அன்றைக்கே ஃபிஷ் பற்றிக் கேளுங்கள், பிளாக்கையும் அப்போதே எழுதிக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.