மாட்ரிட்டில் ஒரு நாள் நடை: அரண்மனைப் பக்கமா, ரெத்தீரோ பூங்காப் பக்கமா?

மாட்ரிட்டுக்கு நடுப்புள்ளி சோல் சதுக்கம். ஸ்பெயினின் சாலைகளுக்குத் தூரம் அளக்கத் தொடங்கும் 'கிலோமீட்டர் பூஜ்யம்' கல் இங்கேதான் நடைபாதையில் பதிந்திருக்கிறது. அங்கிருந்து மேற்கே கால் மணி நேரம் நடந்தால் அரண்மனை. கிழக்கே இருபது நிமிடம் நடந்தால் பிராதோ அருங்காட்சியகம். வரைபடத்தில் பார்க்கும் எவருக்கும் இரண்டையும் ஒரே நாளில் கோத்துவிடலாம் என்றுதான் தோன்றும். கால் தாங்கும், நாள் தாங்காது. அரண்மனைக்குள் இரண்டு மணி நேரம், பிராதோவுக்குள் மூன்று, உட்கார்ந்து சாப்பிட ஒன்றரை என்று கூட்டினாலே மீதி நேரம் சோல் சதுக்கத்தைக் குறுக்கே கடப்பதில்தான் போகும். 2023-ல் புதுப்பித்து முடித்த அந்தச் சதுக்கத்தில் ஒதுங்க மர நிழலும் இல்லை. நிதானமாக நடக்க வேண்டும் என்றால் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. எந்தப் பக்கம் என்பதைப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெயிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

முதலில் கடிகாரம்

ஸ்பெயின் 1940 முதல் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுகிறது. ஆனால் மாட்ரிட் இருப்பதோ லண்டனுக்கும் மேற்கே. இதனால் கோடையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் 2.15-ஐத் தாண்டியிருக்கும். ஜூலையில் வெப்பம் உச்சத்தைத் தொடுவது மாலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில். பன்னிரண்டு முதல் மூன்று வரை அறையில் படுத்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்பலாம் என்று நம் ஊர்க் கணக்கில் திட்டமிடுபவர்கள் சரியாகக் கொதிக்கும் நேரத்தில் தெருவில் நிற்பார்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றில் ஈரம் குறைவு. சென்னையில் போல வேர்வை சட்டையில் ஒட்டாது, உடனே உலர்ந்துவிடும். தண்ணீர் வற்றுவது தெரியாது, தலை வலிக்கும்போதுதான் தெரியும். குழாய்த் தண்ணீர் நன்றாகவே இருக்கும், ஒரு பாட்டிலைக் கையில் வைத்து நிரப்பிக்கொண்டே போகலாம்.

ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 9.50 ஆகும். டிசம்பரில் மாலை 5.50-க்கே இருட்டிவிடும். இந்த நாலு மணி நேர வித்தியாசம் மேற்குப் பாதையை அடியோடு மாற்றும். கிழக்குப் பாதைக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை.

மேற்கு: கல், சரிவு, அந்தி

சோலில் தொடங்கி பிளாசா மயோர், சான் மிகேல் சந்தை, மயோர் தெரு வழியாக அல்முதேனா தேவாலயம், அரண்மனை, ஓரியெந்தே சதுக்கம், சபத்தீனி தோட்டம், ஸ்பெயின் சதுக்கம் வழியாகத் தெபோத் கோயில். நேராகப் போனால் மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். லா லத்தீனா என்ற பழைய பகுதியின் சந்துகளுக்குள் சுற்றி வந்தால் ஐந்தாறு ஆகும்.

பிளாசா மயோர் 1619-ல் மூன்றாம் பிலிப் மன்னர் காலத்தில் கட்டி முடிந்தது. 1790 தீ விபத்துக்குப் பிறகு ஹுவான் தெ வியனுவேவா என்ற கட்டடக் கலைஞர் திருத்திக் கட்டிய வடிவம்தான் இன்று நிற்பது. பத்து நிமிடம் போதும். அங்கே மேசை போட்டு உட்கார்ந்து குடிக்கும் காப்பியின் விலையில் சதுக்கத்தின் வாடகையும் சேர்ந்திருக்கும். கடைக்குள் கவுன்டரில் நின்று குடிப்பதற்கு ஒரு விலை, வெளி மேசைக்கு ஒரு விலை என்பது இந்த ஊர் வழக்கம்.

அரண்மனை இருக்கும் இடத்தில் பழைய கோட்டை ஒன்று இருந்தது, 1734 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு எரிந்துபோனது. இனி எரியாதபடி கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பிய இப்போதைய கட்டடத்தில் 3,400-க்கும் மேற்பட்ட அறைகள். பொதுமக்கள் பார்ப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். இரண்டு விஷயங்களில் பலர் சறுக்குகிறார்கள். அரசு விருந்து, தூதர் வரவேற்பு என்றால் அரண்மனை பார்வையாளருக்கு மூடிவிடும், ஆகவே முந்தைய நாள் இணையத்தில் பார்த்துவிட வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை கடைசி இரண்டு மணி நேரம் இலவசம் என்று எங்கும் எழுதியிருக்கும், ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கும் லத்தீன் அமெரிக்க நாட்டவருக்கும் மட்டும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலா விசாவில் வந்தவர் வரிசையில் நின்று திரும்ப வேண்டியதுதான்.

அரண்மனை ஒரு மேட்டின் விளிம்பில் இருக்கிறது. பின்னால் தரை மன்சனாரெஸ் ஆற்றை நோக்கிச் சரிகிறது. கீழே தெரியும் காம்போ தெல் மோரோ தோட்டம் அழகுதான், ஆனால் அரண்மனைக்குள்ளிருந்து அதில் இறங்க வழி இல்லை. சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கிப் போய், அதே சரிவில் ஏறி வர வேண்டும். முட்டி வலிக்காரர்களும் தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவர்களும் மேலே இருந்தே பார்த்துக்கொள்ளலாம். லா லத்தீனா சந்துகளிலும் கற்கள் பதித்த தரைதான், மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்பில் உள்ளங்கால் எரியும்.

இந்தப் பாதையின் உச்சம் தெபோத். நைல் நதிக்கரையில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த எகிப்தியக் கோயில் இது. அஸ்வான் அணையால் மூழ்கவிருந்த சின்னங்களைக் காப்பாற்ற ஸ்பெயின் உதவியதற்காக 1968-ல் எகிப்து இதைக் கொடுத்தது. கல் கல்லாக எடுத்து வந்து இங்கே அடுக்கி 1972-ல் திறந்தார்கள். மூலக் கோயிலின் கிழக்கு-மேற்கு வாட்டத்தை அப்படியே காப்பாற்றியிருக்கிறார்கள். ஆகவே அந்தியில் கிழக்குப் பக்கம், வரிசையாக நிற்கும் கல் வாயில்களுக்கு முன்னால் நின்றால் சூரியன் கோயிலுக்குப் பின்னே இறங்குவது தெரியும். கூட்டமெல்லாம் கோயிலைத் தாண்டி மேற்கு விளிம்புக் கம்பியில் போய்ச் சாய்ந்திருக்கும். அங்கிருந்து காசா தெ காம்போ காட்டுப் பரப்பு தெரியுமே தவிர, கோயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். முதலில் வாயில் பக்கம், சூரியன் மறைந்தபின் கம்பிப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். சுற்றியுள்ள குளத்தில் சில சமயம் தண்ணீர் இருக்காது, நிழற்படத்துக்காக மட்டுமே போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இலவசம், ஆனால் ஒரு நேரத்தில் சிலரை மட்டுமே விடுவார்கள், திங்கள் விடுமுறை.

ஜூலையில் இந்தப் பாதையைக் காலையில் தொடங்கினால் அந்தி வருவதற்குள் அலுத்துவிடும். காலை 10 மணிக்கு அரண்மனை, மதியச் சாப்பாடு, பிறகு அறைக்குத் திரும்பி, இரவு எட்டு மணி சுமாருக்கு மீண்டும் கிளம்புவதுதான் சரி. டிசம்பரில் அப்படியே தலைகீழ். 5.15-க்குத் தெபோதில் இருக்க வேண்டும், ஆறு மணிக்கு இருட்டில் விடப்படுவீர்கள், உணவகங்களில் இரவுச் சமையல் தொடங்க இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அந்த இடைவெளிக்கென்றே இருப்பதுதான் சோல் அருகே 1894 முதல் நடக்கும் சான் ஹினேஸ் கடையின் கெட்டிச் சாக்லேட்டும் சுர்ரோ என்ற பொரித்த மாவுக் குச்சியும்.

கிழக்கு: மரம், கூரை, மட்டத் தரை

அதோச்சா ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். 1892-ல் கட்டிய பழைய இரும்புக் கொட்டகைக்குள் பனைகளும் வாழைகளும் வளரும் தோட்டம் இருக்கிறது. நமக்குப் பழகிய மரங்கள்தான், ரயில் நிலையத்துக்குள் பார்ப்பதுதான் புதுசு. எதிரிலேயே ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம். வடக்கே பிராதோ சாலை, அதன் நடுவே இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்த நடைபாதை. சாலையும் அதையொட்டிய ரெத்தீரோ பூங்காவும் சேர்ந்து 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. பூங்காவைச் சுற்றி அல்காலா வாயிலில் வெளியேறி சிபேலெஸ் நீரூற்றில் முடித்தால் ஆறு கிலோமீட்டர் சுமார், பெரும்பாலும் மட்டத் தரை.

பிராதோவின் கட்டணம் 15 யூரோ. திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை, ஞாயிறு 5 முதல் 7 வரை எல்லோருக்கும் இலவசம், பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. வரிசை நீளமாக இருக்கும், ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் உள்ளே கிடைப்பது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் பார்க்க ஒரு வழி: நேராக முதல் மாடியில் 12-ஆம் அறைக்குப் போய் வெலாஸ்கெஸ் 1656-ல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்', பிறகு தரைத்தளத்துக்கு இறங்கி 56ஏ அறையில் போஷ் வரைந்த ஓவியங்கள், 67-ஆம் அறையில் கோயாவின் கறுப்பு ஓவியங்கள். இதோடு விட்டுவிடுங்கள். ஓவியம் பார்க்கவே வந்தவர் இலவச நேரத்தை நம்பக் கூடாது, காலை 10 மணிக்குக் காசு கொடுத்துப் போவதுதான் மலிவு. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

ரெய்னா சோஃபியாவில் இருப்பது பிக்காசோவின் 'குவெர்னிகா'. 1937, அகலம் ஏழே முக்கால் மீட்டர். முன்பு படம் எடுக்கத் தடை இருந்தது, 2023 செப்டம்பரில் தளர்த்தினார்கள். இப்போது முன்வரிசையில் கைப்பேசிகள்தான் நிற்கும், சற்றுப் பின்னால் நின்று பார்த்தால் முழுப் படமும் கண்ணில் அடங்கும். செவ்வாய் மூடியிருக்கும். இரண்டு அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் முழுதாகப் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை.

ரெத்தீரோவில் படகுக் குளத்தருகேதான் எல்லோரும் மொய்ப்பார்கள். தெற்கே இறங்கினால் ரோஜாத் தோட்டமும் 'விழுந்த தேவதை' சிலையும். சாத்தானுக்கு வைத்த சிலை, கடல் மட்டத்திலிருந்து 666 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்பது ஊர்ப்பேச்சு. மே மாதம் ரோஜாவுக்கு நல்ல காலம். கண்ணாடி மாளிகையை நம்பிப் போகாதீர்கள், புதுப்பிக்க மூடியிருக்கிறார்கள், 2027-ல்தான் திறப்பு என்று அறிவிப்பு. பலத்த காற்றோ கடும் வெப்பமோ வந்தால் கிளை முறிந்து விழும் என்று பூங்காவையே, அல்லது அதில் சில பகுதிகளை மூடிவிடுவார்கள். நிழலை நம்பி வந்த நாளில் வாசல் சாத்தியிருந்தால் கிழக்குப் பாதையின் பாதி போச்சு. அன்றைக்குப் பக்கத்திலேயே மோயானோ சரிவின் பழைய புத்தகக் கடைகளும், உவெர்த்தாஸ் தெருவும் கைகொடுக்கும். உவெர்த்தாஸில் நடைபாதையிலேயே இலக்கிய வரிகள் பதித்திருக்கிறார்கள். நாடகாசிரியர் லோப்பே தெ வேகா வாழ்ந்த வீடு செர்வாந்தெஸ் தெருவில், நாவலாசிரியர் செர்வாந்தெஸைப் புதைத்த மடம் லோப்பே தெ வேகா தெருவில். இருவரும் ஒருவரையொருவர் சீண்டியவர்கள், நகராட்சியும் விடவில்லை.

சாப்பாட்டில் யார் முந்துகிறார்கள்

மதியச் சமையல் 1.30-க்கு முன் தொடங்காது, நாலு மணியோடு முடியும். வார நாட்களில் 'மெனு தெல் தியா' என்று இரண்டு பதார்த்தம், ரொட்டி, பானம், இனிப்பு அல்லது காப்பி சேர்த்து பெரும்பாலும் 13 முதல் 18 யூரோவுக்குக் கிடைக்கும். இரு பக்கமும் உண்டு.

அசைவக்காரருக்கு மேற்குதான். பிளாசா மயோரை ஒட்டிய போத்தோனெராஸ் சந்தில் கணவாய் வளையங்களைப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், எலுமிச்சையும் பிழிந்துகொள்ளலாம். காவா பாஹா தெருவில் தபாஸ் என்ற சிறுதட்டுத் தின்பண்டக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சான் மிகேல் சந்தை பார்க்க அழகு, பசியோடு போனால் பணப்பை இளைக்கும்.

சைவக்காரர் கிழக்கே போகட்டும். ரெய்னா சோஃபியாவிலிருந்து பத்து நிமிடத்தில் லவாபியெஸ், இந்திய உணவகங்கள் வரிசையாக உள்ள பகுதி, பெரும்பாலும் வங்கதேசத்தவர் நடத்துவது. ஸ்பானியக் கடைதான் வேண்டும் என்றால் பாத்ரோன் பச்சைமிளகாய் வறுவல், தக்காளி தேய்த்த ரொட்டி, காஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப் ஆகியவற்றை நம்பலாம். தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு அடையில் முட்டை உண்டு. குரோக்கெத்தா என்ற பொரித்த உருண்டைக்குள் ஹமோன் எனும் பன்றித் தொடைக்கறி இருக்க வாய்ப்பு அதிகம். 'வெஹெத்தால்' என்ற சாண்ட்விச்சில் சூரைமீன் இருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் இதெல்லாம் தட்டுக்கு வரும், இங்கே ஹமோனையும் சூரையையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் நிறைய. 'நி ஹமோன், நி அதூன்' (ஹமோனும் வேண்டாம், சூரையும் வேண்டாம்) என்று பெயர் சொல்லியே மறுக்க வேண்டும்.

கிழமை

ஞாயிறு என்றால் ஒரே ஒரு காரணத்துக்காக மேற்கு: எல் ராஸ்த்ரோ என்ற தெருவோரப் பழம்பொருள் சந்தை. காலை 9 முதல் 3 வரை. பத்தரைக்குள் முடித்துவிட்டால் நடக்க இடம் இருக்கும், பிறகு ஆளோடு ஆள் உரசித்தான் போக வேண்டும், ஜேப்படிக்காரர்களுக்கு அதுதான் வேலை நேரம். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். அன்று அரண்மனை மாலை 4 மணிக்கே மூடும். திங்கள் என்றால் கிழக்கு, தைசென் அருங்காட்சியகம் மதியம் 12 முதல் 4 வரை இலவசம், அது சரியாக வெயில் ஏறும் நேரம்.

இரண்டும்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால்

கிழக்கில் தொடங்கி மேற்கில் முடியுங்கள், எதிர்த்திசையில் வேண்டாம். காலை பிராதோ, மதியம் உவெர்த்தாஸ், மாலை மயோர் தெரு, அந்திக்குத் தெபோத். அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. தெபோதுக்கு கிரான் வியா வழியாகப் போனால் சூரியன் முகத்தில் அடிக்கும், கட்டட நிழல் விழும் குறுகிய தெருக்களே மேல். மலசான்யா, சுவேக்கா என்ற வடக்குப் பகுதிகளையும் சிலர் போட்டிக்குக் கொண்டுவருவார்கள். இரவுக்கு நல்ல இடங்கள், பகல் நடைக்குச் சுமார்தான்.

அன்றிரவே விமானம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கிழக்கு. பெட்டியை அதோச்சாவின் பொருள் காப்பகத்தில் வைத்துவிட்டு நடக்கலாம். விமான நிலைய விரைவுப் பேருந்து பகலில் அதோச்சாவிலிருந்தே கிளம்புகிறது, நள்ளிரவில் சிபேலெஸிலிருந்து. கட்டணம் 5 யூரோ, ஓட்டுநரிடமே வாங்கலாம். மெட்ரோவில் போனால் வழக்கமான டிக்கெட்டோடு விமான நிலையக் கூடுதல் கட்டணம் 3 யூரோ சேரும், பெட்டியோடு ரயிலும் மாற வேண்டியிருக்கும்.