பெர்லினில் வீடு தேடுகிறவர்கள் கவனத்துக்கு: என் 2,340 யூரோ போன கதை

வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 2,340 யூரோ. அனுப்பியது மூன்று வாரத்துக்கு முன்பு, போய்விட்டது என்று தெரிந்தது முந்தாநாள்.

எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆபீசுக்கு ஆங்கிலமே போதும் என்றார்கள், சரி. வீட்டுக்கு? ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கென்றே வாடகை வீடு காட்டும் தளம் ஒன்றில் வெடிங் பக்கம் ஓர் அறை வீடு, கட்டில் மேசையோடு, மாதம் 780. பெர்லினில் வீடு குதிரைக்கொம்பு. ஒரு வீட்டைப் பார்க்கத் தெரு வரைக்கும் வரிசை நிற்கும். எனக்கு மட்டும் வரிசையே இல்லாமல் கிடைத்தபோதாவது உறைத்திருக்க வேண்டும்.

ஏமாந்த இடம் எது தெரியுமா? 'வீட்டுக்காரர்' வீடியோ காலில் வந்தார். குழாயைத் திறந்து காட்டினார், ஜன்னலுக்கு வெளியே மரத்தைக் காட்டினார். அப்புறம் நான் கேட்காமலே, "அன்மெல்டுங் தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார். அன்மெல்டுங் என்றால் அரசு அலுவலகத்தில் முகவரியைப் பதிவது. அங்கேதான் விழுந்தேன். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுப்பவரின் கையெழுத்து வேண்டும். பதிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். அது வராவிட்டால் ஆறாம் வரி வகுப்பு என்று சம்பளத்தில் ஒரு பெரிய துண்டைப் பிடித்துவிடுவார்கள். இவ்வளவு தெரிந்த மனுஷன் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். இதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் அந்த ஆளுக்குத் தொழிலே!

முன்பணம் 1,560, முதல் மாத வாடகை 780, ஆக 2,340. வங்கிக் கணக்கு எண் ஜெர்மனிக்கான 'டிஇ' என்று தொடங்காமல் ஸ்பெயினுக்கான 'இஎஸ்' என்று தொடங்கியது. கேட்டேன். "மனைவி ஸ்பெயின்காரி" என்றார். சென்னையிலிருந்தே அனுப்பிவிட்டேன்.

முந்தாநாள் இரண்டு பெட்டியோடு வாசலில் நின்றேன். இங்கே பெரும்பாலும் வீட்டுக்குத் தனிக் கதவு எண் கிடையாது. அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர்தான். எல்லா மணியையும் பார்த்தேன், அவர் பெயர் இல்லை. குப்பை போட வந்த ஒரு பாட்டியிடம் ஒப்பந்தத்தைக் காட்டினேன். ஏதோ சொன்னார், புரியவில்லை. கட்டைவிரலிலிருந்து எண்ணி மூன்று விரலை நீட்டினார். மூன்றாம் மாடி போல என்று பெட்டியைத் தூக்கினேன். அவர் தலையை ஆட்டி மறுத்து, என் பெட்டியைத் தொட்டுக் காட்டி, திரும்பவும் மூன்று விரல். இதே மாதிரி பெட்டியோடு வந்து நின்றவர்களில் நான் மூன்றாவது ஆள்.

தளத்துக்கு எழுதினால், "பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, எனவே பொறுப்பில்லை" என்று பதில். சரி, விளம்பரத்தையாவது எடுங்கள் என்றேன். "பரிசீலனையில் உள்ளது." இன்று காலையிலும் அந்த விளம்பரம் இருக்கிறது, அதே மரத்தோடு. வங்கியைக் கேட்டால், பணம் போய்ச் சேர்ந்துவிட்டதாம், வாங்கியவர் சம்மதித்தால்தான் திரும்புமாம். திருடனிடம் சம்மதம்! போலீசில் இணையத்தில் புகார் கொடுத்தேன், ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். 2,340 யூரோவுக்கு இப்போதைக்கு என் கையில் இருப்பது அந்த எண்தான்.

விவரமாக எழுத நினைத்தேன், 11 மணிக்குள் இந்த விடுதியைக் காலி செய்ய வேண்டும். அவசரமாகச் சிலது: சாவி கைக்கு வராமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். முன்பணத்தை மூன்று மாதத் தவணையாகக் கட்டச் சட்டமே இடம் தருகிறது. மொத்தமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். உள்ளூரில் யாரையாவது அனுப்பி மணியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகலை அனுப்பாதீர்கள். நான் அதையும் அனுப்பித் தொலைத்திருக்கிறேன்.