ஆத்தா முட்டிவலிக்கு நொச்சியா, மஞ்சளா, மொளகா கிரீமா?

காரைக்குடில எங்க வீட்டு முகப்புலேர்ந்து அடுப்படி போறதுக்குள்ள ஆறு நிலைப்படி தாண்டணும், முட்டி தேய்மானம் வந்தப்புறம் ஆத்தா ஒவ்வொரு படிக்கும் ஒரு "முருகா" சொல்லுவாக. வலி மாத்திரை வயித்தை எரிக்குதுன்னு இந்த மூணையும் மாத்தி மாத்திப் பாத்தோம். கடைசில மொளகா கிரீம்ல நின்னுட்டோம், அதனால என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

மஞ்சள சீக்கிரம் முடிச்சுடறேன். மஞ்சள்ல வேலை செய்யுற சத்து குர்க்குமின், நூறு கிராம் தூள்ல அது சுமாரா 3 கிராம்தான், அதுவும் ரத்தத்துல லேசுல ஏறாது. மொளகுல இருக்க பைப்பரின் சேந்தா 20 மடங்கு ஏறுதுன்னு 1998ல பெங்களூர்ல பாத்திருக்காங்க, ஆனா அவங்க குடுத்தது 2 கிராம் குர்க்குமின், அதுக்கு 60 கிராமுக்கு மேல மஞ்சத்தூளப் பால்ல கரைக்கணும், அது பாலா சாந்தா? கேப்சூல் இருக்கு, ஆனா அப்பச்சி மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறவுக டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது.

நொச்சி கொல்லையிலயே நிக்குது, காசு இல்ல. விளக்கெண்ணெய்ல வதக்கி துணில முடிஞ்சு ஒத்தடம் குடுத்தா அப்புடி ஒரு சொகம். ஆனா பறிக்க, வதக்க, பக்கத்துல உக்காந்து ஒத்தடம் குடுக்க ஒரு ஆள் வேணும், ரெண்டு மணி நேரத்துல வலி திரும்பிடும். அந்த சொகத்துல சூடு எவ்ளோ, எலை எவ்ளோன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல.

கிரீம்ல இருக்கது கேப்சைசின், மொளகாயோட காரமே அதுதான். நரம்பு நுனில சூட்டை உணர்ற எடத்துல போய் ஒக்காந்து மொதல்ல எரிய வைக்கும், விடாம போட்டா அந்த நுனியே மரத்துப் போயி வலிச் சேதி கொறையும். விடாமங்கறதுதான் எல்லாமே. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ, அதும் வாரக்கணக்குல, நிறுத்துனா நரம்பு பழையபடி முழிச்சுக்கும். நாங்க மொத மாசம் ரெண்டு நாள் போட்டு மூணு நாள் மறந்து "இதெல்லாம் சும்மா"ன்னு தூக்கிப் போட இருந்தோம், அப்புறம் காலைக் காப்பி, மத்தியானச் சாப்பாடு, சாயங்கால விளக்கு, ராத்திரி படுக்கைன்னு நாலு நேரத்தோட முடிச்சுப் போட்டோம், மூணாவது வாரம் "முருகா" கொறைஞ்சுச்சு. ஆத்தாவே பூசிக்கிறாக, ஆள் வேணாம்.

ஒரு நாள் கிரீம் மேலயே நொச்சி ஒத்தடம் வச்சு அலறிட்டாக, சூடு பட்டா எரிச்சல் ஏறிடும். பூசுன கைய சோப்புப் போட்டுக் கழுவாம கண்ணத் தொடாதீக. மொளகாய அரைச்சுப் பூசிடலாம்னும் நெனைக்காதீக, தோல் வெந்துடும்.

முட்டிக்கு மட்டும், அதும் ஏழு மாசம்தான் எங்க அனுபவம். நொச்சி இப்ப ஆத்தா தோள்பட்டைக்கு.