பழைய பெட்ரோல் காருக்கு எல்ம்327 ஸ்கேனர் வாங்கலாமா?

செக் லைட் எரிகிறது, சிக்னலில் நின்றால் வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. உடனே பிளக் மாற்று, சரியாகவில்லையா இக்னிஷன் காயில் மாற்று, அதற்கும் அடங்கவில்லையா சென்சார் மாற்று என்று பணம் கரைகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் எல்ம்327 ஸ்கேனர் இந்தக் குருட்டுச் செலவை நிறுத்தும். காரின் சாக்கெட்டில் செருகினால், எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டை ('கோடு') போன் ஆப்பில் காட்டும். ஆனால் பழைய வண்டிக்கு எதை வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் வண்டியைப் பாருங்கள். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் பிஎஸ்4 (புகை விதி) கார்களுக்கு ஓபிடி2 என்ற பொதுவான பழுதறியும் முறை கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதே 16 துளை சாக்கெட் இருக்கும். ஆனால் கம்பெனியின் சொந்த மொழியை மட்டுமே பேசும் வண்டிகள் அதில் நிறைய. அவற்றில் எந்தப் பொது ஸ்கேனரும் இணையாது. அகலமான பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் வரிசையில் இடமிருந்து ஆறாவது துளையிலும் அதற்கு நேர் கீழே உள்ள துளையிலும் உலோகம் தெரிந்தால் பெரும்பாலும் கேன், அதாவது வேகமான புதிய தொடர்பு முறை. அவை இரண்டும் காலியாக இருந்து, மேல் வரிசையின் ஏழாவதில் தெரிந்தால் கே-லைன், அதாவது மெதுவான பழைய முறை.

இந்தக் கே-லைனில்தான் மலிவு ஸ்கேனர்கள் கோட்டை விடுகின்றன. 'வி2.1' என்று விற்கும் நகல்களில் பலவற்றுக்குக் கே-லைன் வராது. ப்ளூடூத் இணையும், வண்டியோடு இணையாது. 'வி1.5' என்று எழுதியதைத் தேடுங்கள். அசல் சிப் தயாரித்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 1.5 என்று ஒரு பதிப்பே வெளியிட்டதில்லை, அதுவும் நகல்தான். இருந்தாலும் உள்ளே பிக்18எஃப்25கே80 சிப் உள்ள 1.5 நகல்கள் கே-லைனில் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஐபோன் வைத்திருந்தால் வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ மாடல்தான் வாங்க வேண்டும்.

கே-லைனின் வேகம் நொடிக்கு 10.4 கிலோபிட்தான். ஆப்பில் ஒரே நேரத்தில் பத்து அளவுகளை ஓடவிட்டால் எல்லாம் திக்கித் திக்கி வரும். மூன்று நான்கு போதும்.

கோடு வந்ததும் அழித்துவிடாதீர்கள். பழுது பதிவான கணத்தின் ஆர்பிஎம், சூடு, லோடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

கோடு சொல்வது சர்க்யூட்டைப் பற்றி, சென்சாரைப் பற்றி அல்ல. கூலன்ட் சூட்டு சென்சாரின் சர்க்யூட்டைக் குறிக்கும் பி0118 நல்ல உதாரணம். சென்னை மத்தியான வெயிலில் நிற்கும் வண்டியில் கூலன்ட் சூடு மைனஸ் 40 டிகிரி என்று ஆப் காட்டும். அப்படியென்றால் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது. சென்சார் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கம் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். அளவு தடாலென்று உச்சத்துக்குப் போனால் வயரிங் நல்லது, சென்சார்தான் போயிருக்கிறது. மைனஸ் 40லேயே நின்றால் புது சென்சார் வாங்கிப் பயனில்லை, வயரைத் தேடுங்கள். சென்சாரை மல்டிமீட்டரில் பார்த்தால் 20 டிகிரியில் சுமார் இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டுவதே பெரும்பாலான வண்டிகளின் வழக்கம்.

எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கு இன்னும் சுலபம். சாவி ஆன், எஞ்சின் ஆஃப்: சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டியும், ஊட்டியில் 77-78 அளவிலும் காட்ட வேண்டும். சூடேறிய எஞ்சின் ஐட்லிங்கில் 25 முதல் 40 வரை.

மிஸ்ஸிங்குக்கு வருவோம். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். பெரும்பாலான கார்களில் டைமிங் செயின் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். பிளக்குக்கு மேலேயே தனித்தனிக் காயில் உள்ள எஞ்சினில் இரண்டாவது காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு, கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான். பி0302 அசையவில்லையென்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்றுங்கள், அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை! பிளக் வயர் உள்ள பழைய டிஸைனில் ஒரே காயில் 1, 4 இரண்டுக்கும் நெருப்பு கொடுக்கும். பி0301, பி0304 சேர்ந்து வந்தால் அந்தக் காயிலைச் சந்தேகியுங்கள்.

காயிலைத் தூக்கும்போது பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் டேப்பட் கவர் பேக்கிங்கை முதலில் மாற்றுங்கள். இல்லையேல் புதுக் காயிலின் ரப்பரும் ஊறிக் கெட்டுவிடும்.

பிளக் வேலையை எஞ்சின் ஆறிய பிறகே செய்ய வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துகொண்டு வரும். குழியில் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள். புது பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். முதல் சில சுற்றுகள் கையாலேயே போக வேண்டும். வாஷர் உள்ள 14 மி.மீ. மரை பிளக்கை 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கையில் இறுகியபின் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. மரையில் கிரீஸ் வேண்டாம். தடவினால் அதே முறுக்கில் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் கோடே வராமலும் போகலாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆப்பில் ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நின்றால், எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரையும் அதன் கப்ளரையும் பாருங்கள்.

ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளை எதிர்பார்த்து இதை வாங்க வேண்டாம். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்; சாக்கெட்டில் எப்போதும் கரன்ட் இருப்பதால், சில நாள் நிறுத்திவைக்கும் வண்டியின் பழைய பேட்டரியை இது உறிஞ்சிவிடும்.