கிரீன் டேயா, பிளிங்க்-182ஆ? கலைவிழா மேடைக்கு ஓர் ஒப்பீடு

மதுரைக் கல்லூரிகளில் பாப்-பங்க் (துள்ளலான மெட்டுள்ள வேகமான ராக் இசை) ரசிகர்கள் நான்கு பேர் சேர்ந்தால் முதலிடம் யாருக்கு என்ற சண்டை வந்துவிடும். கிரீன் டே, பிளிங்க்-182 இரண்டும் கலிபோர்னியாவின் மூவர் இசைக்குழுக்கள். மேடையேறப் போகிறவர்களுக்கு என் கணக்கு இது.

கிட்டார்
கிரீன் டே: பவர் கார்டு (இரண்டு மூன்று தந்திகளில் பிடிக்கும் எளிய கார்டு) தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் 1994இல் வந்த 'டூக்கி' ஆல்பத்தில் பெரும்பாலும் தந்திகளை அரைச்சுரம் இறக்க வேண்டும்.
பிளிங்க்: பெரும்பாலும் வழக்கமான சுருதியே போதும்.

டிரம்ஸ்
கிரீன் டே: டிரே கூலின் வேகத்தைப் பயிற்சியால் எட்டிப்பிடிக்கலாம்.
பிளிங்க்: 1998இல் சேர்ந்த டிராவிஸ் பார்க்கர், மார்ச்சிங் பேண்டில் (அணிவகுப்பு இசைக்குழு) பழகியவர். ஸ்னேர் என்ற சடசடக்கும் டிரம்மில் அவர் உருட்டும் உருட்டலை வாடகை டிரம்ஸில் முயல்வது வீண் வம்பு. பாட்டைக் கிட்டார் தாங்குகிறது என்று நினைப்பவர்கள் அவரை நீக்கிவிட்டுக் கேட்டுப் பார்க்கட்டும்!

குரல்
கிரீன் டே: பெரும்பாலும் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் ஒருவரே.
பிளிங்க்: மார்க் ஹாப்பஸ், டாம் டிலாங் என இருவர், மூச்சு வாங்க இடம் உண்டு.

வரிகள்
கிரீன் டே: 2004இன் 'அமெரிக்கன் இடியட்' ஆல்பத்தில் அரசியல் கோபம்.
பிளிங்க்: விடலைக் குறும்பு. சிலவற்றைக் கல்லூரி முதல்வர் முன்வரிசையில் இருக்கும்போது பாட முடியாது.

நிலைப்பு
கிரீன் டேயின் மூவர் 1990 முதல் மாறவில்லை. பிளிங்கில் டாம் 2015இல் விலகி, 2022இல் திரும்பினார்.

புதிய குழுவுக்கும் ஒற்றைப் பாடகருக்கும் கிரீன் டே. கை தேர்ந்த டிரம்மரும் இரண்டு குரல்களும் இருந்தால் பிளிங்க். என் பட்டியலில் கிரீன் டேதான் முதலிடம். பார்க்கருக்காகப் பிளிங்க் ஓரங்குலம் மட்டுமே பின்னால்.