டம்மி டக்கும் ஓரம் போன தொப்புளும்: ஒரு சிகிச்சை மையம் பற்றிய மதிப்புரை

நான் டம்மி டக் (தளர்ந்த வயிற்றுத் தோலை வெட்டியெடுத்து வயிற்றை இறுக்கும் அறுவை) செய்துகொண்ட மையத்துக்கு, அறுவைத் திறனை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவதென்றால் ஐந்துக்கு நான்கைத் தாராளமாகக் கொடுப்பேன். ஆனால் அறுவைக்கு முன்னும் பின்னும் என்னிடம் பேசிய விதத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. இந்த வேறுபாடு முழுவதும் விரல்நுனி அளவே உள்ள ஓரிடத்தில், அதாவது தொப்புளில் வந்து நிற்கிறது. மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. நான் கண்ட குறை அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை என்பதும், இந்தச் சிகிச்சையை யோசித்துக்கொண்டிருப்பவர்கள் எங்கே போனாலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கும் என்பதுமே அதற்குக் காரணம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிரசவங்களுக்குப் பிறகு என் வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரட்டைத் தசைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போயிருந்தன. உடற்பயிற்சியால் சரியாகும் கட்டத்தை அந்த விலகல் தாண்டியிருந்ததோடு, சிசேரியன் தழும்புக்கு மேலே தோலும் மடிந்து தொங்கியது. அறுவையில் தசைகளை நடுக்கோட்டில் சேர்த்துத் தைத்து, உபரித் தோலை வெட்டியெடுத்து, இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை செல்லும் தழும்பை உள்ளாடைக்குள் மறையும் உயரத்திலேயே அமைத்தார்கள். வடிகுழாயை இத்தனையாம் நாள் எடுப்போம் என்று கணக்குச் சொல்லாமல், ஒரு நாளில் வடியும் நீரின் அளவு போதுமான அளவு குறைந்த பிறகே எடுத்தார்கள். தொடக்கத்தில் சற்றுக் குனிந்தபடியேதான் நடக்க வேண்டும், நிமிர அவசரப்பட்டால் தையல் இழுபடும் என்பதைச் செவிலியர்கள் சலிக்காமல் நினைவூட்டினார்கள். வலியும் கட்டுக்குள் இருந்தது.

முழு டம்மி டக்கில் தொப்புளுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் என் மனக்குறை புரியும். பலர் நினைப்பதுபோல் தொப்புளைப் பெயர்த்தெடுத்து வேறோர் இடத்தில் பதிப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள தோலை மட்டும் வெட்டி விடுவித்து, தசைச்சுவரோடு ஒட்டியிருக்கும் தண்டோடு அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு, விலா எலும்புகளின் விளிம்பை நோக்கி மேலே பிரித்துக்கொண்டுபோன வயிற்றுத் தோலை, கசங்கிய சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிடுவதுபோலக் கீழ்நோக்கி இழுத்து, மிஞ்சியதை வெட்டி நீக்கி, தொப்புள் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தோலில் புதிதாக ஒரு துவாரம் இட்டு, அதன் வழியே தொப்புளை வெளியே கொண்டுவந்து சுற்றிலும் தைக்கிறார்கள். ஆகவே நாம் வெளியிலிருந்து பார்க்கும் தொப்புள் இரண்டு அடுக்குகள் சந்திக்கும் இடம்: தண்டு தசையைச் சேர்ந்தது, துவாரம் தோலைச் சேர்ந்தது. தசைத் தையல் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் விழுந்தால் தண்டு இழுபடும். தோலின் இழுவிசை இருபுறமும் சமமாக இல்லாவிட்டால் துவாரம் ஓரம் போகும். இரண்டும் சரியாக அமைந்தாலும், ஆறும்போது தழும்பு ஒரு பக்கம் அதிகமாகச் சுருங்கினால் விளிம்பு கோணிக்கொள்ளும். தொப்புளைச் சுற்றித் தோலை வெட்டாத மினி டம்மி டக்கில் இந்தச் சிக்கல்களில் பல எழுவதே இல்லை, ஆனால் என்னைப்போல் தொப்புளுக்கு மேலேயும் தோல் தளர்ந்தவர்களுக்கு அது போதாது.

புகை பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். சுற்றியுள்ள தோலிலிருந்து தொப்புளுக்கு வந்துகொண்டிருந்த ரத்த ஓட்டம் இந்த அறுவையில் துண்டிக்கப்படுகிறது, அதன்பின் தொப்புள் பெரும்பாலும் அந்தத் தண்டை நம்பியே பிழைக்கிறது. நிக்கோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்குவதால், அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே அதை எல்லா வடிவிலும் நிறுத்தச் சொல்கிறார்கள். தொப்புளின் ஒரு பகுதி கருகி உதிர்ந்துவிட்டால், பிறகு அதன் வடிவம் சீராக அமையும் என்று எதிர்பார்க்க முடியாது.

எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. தொப்புளைச் சுற்றியிருந்த தையல்கள் தாமே கரைந்தன. பஞ்சுக் குச்சியால் உப்புநீர் தொட்டுத் துடைக்கும்போது சிறு பொருக்குகள் உதிர்ந்தன. வயிற்றின் வீக்கம் பாதியாவது வடிந்த பிறகுதான் வடிவம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. மார்பெலும்பின் அடிமுனையிலிருந்து நேர்கீழே பார்வையை ஓட்டினால் தொப்புள் இடப்பக்கம் தள்ளி நின்றது. வலப்பக்க மேல்விளிம்பில் தோல் சற்றுத் தடித்து, சிறு இமைபோலக் கவிழ்ந்திருந்தது, இடப்பக்க விளிம்போ தட்டையாக விரிந்து கிடந்தது. மேலே லேசான மடிப்பும் நீளவாக்கில் ஒடுங்கிய அமைப்பும் இருந்தால்தான் தொப்புள் இயல்பாகத் தெரியும். என்னுடையது பாதி அப்படியும் பாதி வேறுமாதிரியும் இருந்தது. ஆடை உடுத்தினால் தெரியாது, உடல்நலத்துக்கும் கேடில்லை. ஆனால் இந்த அறுவையையே தோற்றத்துக்காகவும்தான் செய்துகொள்கிறோம் என்பதால், “அது வெளியே தெரியாதே” என்று பதில் சொல்வது பொருத்தமற்றது.

நான் பெற்ற முதல் பதில், “வீக்கம்தான், போகப்போகச் சரியாகிவிடும்” என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. வீக்கம் இரு பக்கமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை, பெரும்பகுதி வடிவதற்கே சில மாதங்கள் ஆகும், தழும்பு முதிர்ந்து மென்மையாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அறுவைக்குப் பின் கட்டிக்கொள்ளும் வயிற்றுப் பட்டையின் மடிப்பு தொடர்ந்து ஒரே இடத்தில் அழுத்தினாலும், தோலுக்கு அடியில் ஒரு பக்கம் நீர் தேங்கினாலும் தொப்புள் கோணலாகத் தெரியும். இவற்றில் நீர் தேக்கம் மட்டும் காத்திருந்து பார்க்க வேண்டியதல்ல, கையால் அழுத்திப் பார்த்தோ ஸ்கேன் எடுத்தோ உறுதிசெய்து, தேவையானால் ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டியது. என் குறை என்னவென்றால், இப்படிப் பிரித்துப் பார்க்கும் வேலையை அந்தச் சந்திப்புகளில் யாரும் செய்யவில்லை. மேசையில் படுக்கவைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினார்கள். படுத்த நிலையில் தோல் பக்கவாட்டில் சரிந்துவிடுவதால் நின்றால் தெரியும் கோணல் அப்போது தெரியாது என்பது, வயிற்றுத் தோலோடு அன்றாடம் புழங்குபவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

ஆறாம் மாதத்துக்குப் பிறகும் மாற்றம் இல்லாததால், அறுவைக்கு முன் எடுத்த என் புகைப்படங்களைக் கேட்டேன். கொடுக்கத் தயங்கவில்லை, அந்த நாணயத்துக்கு நன்றி. நேராகவும் சாய்வாகவும் பக்கவாட்டிலும் நின்று எடுத்த அந்தப் படங்களில் நேர்ப்படத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. என் தொப்புள் முன்பே இடப்பக்கம் தள்ளித்தான் இருந்திருக்கிறது. இப்போதுள்ள விலகலில் ஏறக்குறைய பாதி என்னுடையது, மீதிதான் அறுவையால் வந்தது. வயிறு தொங்கிக்கொண்டிருந்த காலத்தில் மடிப்புகளுக்கு நடுவே அது கண்ணில் பட்டதில்லை. தோல் சமமாகி, கீழே நேரான தழும்பும் அமைந்த பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோடு கிடைத்துவிட்டதால் சிறு விலகலும் பளிச்சென்று தெரிகிறது.

உண்மையில், துல்லியமாக நடுக்கோட்டில் தொப்புள் அமைந்தவர்கள் மிகச் சிலரே. அளவுநாடா வைத்துப் பார்த்தால் பெரும்பாலோருக்குச் சில மில்லிமீட்டராவது இப்படியோ அப்படியோ தள்ளித்தான் இருக்கிறது. முதுகெலும்பு வளைவு உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தெரியலாம். இதை அறுவைக்கு முன்பே, அதே படத்தைக் காட்டி, “உங்களுக்கு இது இவ்வளவு தள்ளியிருக்கிறது, தண்டு இருக்கும் இடத்தை ஓரளவுக்கு மேல் எங்களால் மாற்ற முடியாது” என்று ஒருவர் சொல்லியிருந்தால், நான் அதைக் குறையாகவே எண்ணியிருக்க மாட்டேன். படம் அவர்களிடம் இருந்தது, அளவுநாடாவும் இருந்தது, மை பேனாவால் வயிறு முழுவதும் கோடு போடும் நேரமும் இருந்தது. ஒப்புதல் படிவத்தின் நீண்ட பட்டியலில் “சமச்சீரின்மை” என்று ஒரு சொல் இருந்ததை அவர்கள் பின்னர் சுட்டிக்காட்டினார்கள். அந்தச் சொல் சட்டப்படி அவர்களைக் காப்பாற்றலாம், ஆனால் என் வயிற்றைப் பற்றி எனக்கு அது எதையும் சொல்லவில்லை. மதிப்பெண்ணை நான் குறைத்தது இதற்காகத்தான்.

நிலைமை மாறியது அதே மையத்தின் மூத்த மருத்துவர் ஒருவரிடம் காட்டிய பிறகு. அவர் என்னை நிற்கவைத்து, மார்பெலும்பின் அடிமுனைக்கும், அடிவயிற்றின் கீழே அழுத்தினால் தட்டுப்படும் பூப்பெலும்பின் நடுவுக்கும் ஒரு நாடாவை நேராகப் பிடித்து, இருபுற இடுப்பெலும்பின் முன்முனைகளிலிருந்து தொப்புள் வரையுள்ள தொலைவையும் தனித்தனியே அளந்து எழுதினார். பிறகு விளிம்புத் தோலை விரலால் மெல்ல நகர்த்தி, தண்டின் அடி எங்கே இருக்கிறது, வெளித் துவாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். என் தண்டு பழைய இடத்தில்தான் இருக்கிறது, துவாரம் அதற்கும் சற்று இடப்பக்கம் விழுந்திருக்கிறது, வலப்பக்கத் தடிப்பு தழும்புச் சுருக்கம் என்று அவர் கூறிய விளக்கம், முதல் சந்திப்பிலேயே கிடைத்திருக்க வேண்டியது. அந்த ஒரு சந்திப்புக்காக மட்டும் தனியாக ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம்.

திருத்தம் என்று வரும்போது எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் அவர் காட்டிய நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. தழும்பு மட்டும் தடித்திருந்தால் முதலில் சிலிக்கான் பட்டையும், தேவையெனில் ஸ்டீராய்டு ஊசியும் போதும். துவாரம் சுருங்கி ஒடுங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு அதற்கென்றே உள்ள சிலிக்கான் அடைப்பானைச் சில காலம் வைத்திருக்கச் சொல்வதுண்டு. விளிம்பு கோணலை, ஒரு பக்கத்தில் பிறைவடிவில் சிறிது தோலை நீக்கித் தைத்துச் சரிசெய்யலாம், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து முடித்துவிடக்கூடிய வேலை அது. தண்டே விலகியிருந்தால் வயிற்றைத் திரும்பத் திறந்து தசைத் தையலைப் பிரித்துப் போட வேண்டிவரும், சில மில்லிமீட்டருக்காக அதைச் செய்யச் சொல்ல மாட்டேன் என்றார். தொப்புளை முழுவதுமாக வேறிடத்துக்கு நகர்த்தினால் பழைய துவாரம் இருந்த இடத்தில் மறைக்க முடியாத தழும்பு நடுவயிற்றில் நிற்கும். சின்னக் கோணலுக்குப் பதிலாக அப்படியொரு தழும்பை வாங்கிக்கொள்வது யாருக்கும் லாபமில்லை.

ஓராண்டு முடியும்வரை காத்திருந்து, தழும்பு மென்மையான பிறகு அந்தச் சிறு திருத்தத்தைச் செய்துகொண்டேன். வலப்பக்கத் தடிப்பு போய்விட்டது, இரண்டு விளிம்புகளும் இப்போது ஏறக்குறைய ஒரே உயரத்தில் மடிகின்றன. இடப்பக்க விலகலில் எனக்குப் பிறவியிலேயே இருந்த பங்கு அப்படியே இருக்கிறது, அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. திருத்தத்துக்கு மருத்துவர் கட்டணம் வாங்கவில்லை என்றாலும், அறுவை அரங்கத்துக்கும் மருந்துகளுக்கும் தனியாகப் பணம் கட்டச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் காட்டிய விதி நியாயமானதாகவே இருக்கலாம், ஆனால் அது முதல் ரசீதோடு எழுத்தில் வந்திருக்க வேண்டும், மேசைக்கு அப்பாலிருந்து வாய்மொழியாக வந்திருக்கக் கூடாது.

தசை விலகலும் தோல் தொங்கலும் சேர்ந்து அவதிப்படுபவர்களுக்கு இந்த மையத்தின் அறுவைத் திறனை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். போகிறவர்கள் அறுவைக்கு முன்னரே நின்ற நிலையில் எடுத்த நேர்ப்படத்தின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு, தொப்புள் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். பிறகு, தாம் முன்பு செய்தவர்களின் தொப்புளை ஓராண்டு கழித்து எடுத்த படங்களில் காட்ட முடியுமா என்று கேளுங்கள். ஆறு வாரத்துப் படங்களில் எல்லாத் தொப்புளும் வீங்கி உருண்டையாகவே தெரிவதால், அவற்றைக் கொண்டு எதையும் முடிவுசெய்ய முடியாது. திருத்தம் தேவைப்பட்டால் எது இலவசம், எதற்குக் கட்டணம், எத்தனை மாதத்துக்குள் என்பதையும் முன்பணம் கட்டும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.