மொகாவா, கிசிலா? பாலைவனத்தின் இரண்டு குகைக் கோயில்கள்

பட்டுப் பாதைக் குகைகள் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் மொகாவ். சீனாவின் கான்சு மாகாணத்தில், துன்ஹுவாங் ஊருக்குத் தென்கிழக்கே 25 கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 1,000 கி.மீ. போனால், தக்லமக்கான் பாலைவனத்தின் வட விளிம்பில் கூச்சா என்ற ஊர் வரும். அதற்கும் மேற்கே, முசாத் ஆற்றங்கரையில் கிசில். இந்த இரண்டாவது பெயரைச் சொன்னால் பலர் முழிப்பார்கள். மொகாவுக்கு ஒரு முன்னோட்டம், அவ்வளவுதான் என்று கிசிலை ஓரங்கட்டுவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

முதலில் அளவு. இதில் போட்டியே இல்லை. மொகாவில் பாறைச் சரிவு 1.6 கி.மீ. நீளம். அதில் 735 குகைகள். ஓவியமும் சிற்பமும் உள்ளவை 492. ஓவியப் பரப்பு 45,000 சதுர மீட்டர், வண்ணம் பூசிய மண் சிற்பங்கள் 2,000-க்கு மேல். கி.பி. 366-இல் லெசுன் என்ற துறவி எதிரே இருந்த சான்வெய் மலையில் ஆயிரம் புத்தர்கள் பொன்னொளியில் தெரிவதைக் கண்டு முதல் குகையைக் குடைந்தார் என்பது மரபு. அதன் பிறகு ஆயிரம் ஆண்டு குடைந்துகொண்டே இருந்தார்கள். கிசிலில் எண்ணிடப்பட்டவை 230-க்குச் சற்று மேல். அவற்றிலும் பல, துறவிகள் தங்கிய வெறும் அறைகள். எட்டாம் நூற்றாண்டோடு அங்கே வேலை அடங்கிவிட்டது. ஆனால் காலத்தில் கிசில்தான் மூத்தது என்பது பலர் கருத்து. பௌத்தம் சீனாவுக்குள் போன வழியில் கூச்சா முதலில் வருகிறது. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்து அந்த நாட்டுச் சமயத்தையே மாற்றிய குமாரஜீவர், நான்காம் நூற்றாண்டில் கூச்சாவில் பிறந்தவர்.

குகையின் அமைப்பைப் பார்த்தால் நம் ஊர்க்காரருக்குக் கிசில் சட்டென்று பிடிபடும். உள்ளே நுழைந்தால் எதிரே பாறையையே தூணாக விட்டிருப்பார்கள். அதன் முகத்தில் ஒரு மாடம், மாடத்தில் புத்தர். வணங்கிவிட்டு இடப்பக்கம் இருக்கும் தாழ்வான வழியில் புகுந்து தூணை வலம் வர வேண்டும். பின்புறம் இருட்டில் புத்தர் பரிநிர்வாண நிலையில் படுத்திருப்பார். சுற்றி அழுகிற சீடர்கள். சுற்றி முடித்து முன்னறைக்கு வந்து நிமிர்ந்தால், வாசலுக்கு மேலே இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயர். வாழ்வு, மறைவு, மறுபடி ஒரு வருகை. அத்தனையும் பக்தன் எடுத்துவைக்கும் அடிகளிலேயே நடந்து முடிகிறது. கட்டடமும் ஓவியமும் நடையும் இவ்வளவு நெருங்கிப் பொருந்திய இடத்தை நான் வேறெங்கும் அறிந்ததில்லை.

மொகாவின் பழைய குகைகளிலும் இந்த நடுத்தூண் உண்டு. 254-ஆம் எண் குகை அப்படிப்பட்டது. ஆனால் அதன் முன்பகுதிக் கூரையைச் சீன மரவீட்டின் இருபக்கச் சரிவுக் கூரை போலவே செதுக்கியிருக்கிறார்கள். சீனாவின் தாங் அரசமரபுக் காலத்துக்கு (618–907) வரும்போது பெரும்பாலும் தூண் போய்விடுகிறது. பெரிய சதுர மண்டபம், பின்சுவரில் மாடம், மாடத்தில் புத்தரும் பரிவாரமும். சுற்றி வந்தவர் இப்போது எதிரே நின்று தரிசிக்கிறார்.

சரி, ஓவியத்துக்கு வருவோம். என் கட்சி இங்கேதான் வெளிப்படும்.

கிசிலின் பெருமை அதன் விதானம். வளைந்த கூரை முழுவதையும் சாய்சதுரக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பும் அடுக்கடுக்கான மலைமுகடுகள். ஒவ்வொரு மலைக்குள்ளும் ஒரு கதை, அவற்றில் பல புத்தரின் முற்பிறப்புக் கதைகள். 17-ஆம் குகையில் ஒரு கட்டத்தைக் கவனியுங்கள். இருட்டில் வழி தவறிய வணிகக் கூட்டம். தலைவன் தன் இரு கைகளிலும் துணியைச் சுற்றித் தீ வைத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறான். கீழே பொதி சுமந்த விலங்கோடு வணிகர்கள் அந்த ஒளியைப் பார்த்து நிற்கிறார்கள். இவ்வளவுதான் படம். இன்னொன்றில் குரங்கரசன் ஆற்றின் குறுக்கே தன் உடலையே பாலமாக நீட்டிக் கிடக்கிறான், குரங்குகள் முதுகில் ஏறித் தப்பி ஓடுகின்றன. நீண்ட கதையின் எந்த ஒரு நொடியைப் பிடித்தால் மற்றதெல்லாம் பார்ப்பவன் மனத்தில் தானாக ஓடும் என்பது அந்த ஓவியனுக்குத் தெரிந்திருக்கிறது. பாலைவனத்தைக் கடந்து வந்த ஒரு வணிகன், கையில் தீயேந்தி நிற்கும் அந்தத் தலைவனை நிமிர்ந்து பார்த்தபோது என்ன நினைத்திருப்பான்!

அப்புறம் அந்த நீலம். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி கல்லை அரைத்த நிறம். அதைப் பச்சைக்கும் வெள்ளைக்கும் பக்கத்தில் தயங்காமல் பூசியிருக்கிறார்கள். இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் அது மங்கவில்லை. 38-ஆம் குகையின் கூரை நடுவில் சூரியன், சந்திரன், காற்றுத் தேவதை, பாம்பைக் கவ்விய கருடன் எல்லாம் வரிசையாக வருகிறார்கள். பக்கச் சுவர்களின் மேல்பகுதியில் இசைக் கலைஞர்கள். யாழும் குழலும் வீணை போன்ற பீப்பாவும் அவர்கள் கையில். கூச்சா இசைக்குத் தாங் அரசவையில் இருந்த மவுசுக்கு இந்தச் சுவர்களே சாட்சி.

மொகாவ் கதை சொல்லும் விதம் வேறு. அதே 254-ஆம் குகையின் தென்சுவரில், பசித்த புலிக்குத் தன்னைத் தந்த இளவரசன் மகாசத்துவன். அவன் மூங்கிலால் கழுத்தைக் குத்திக்கொள்கிறான், மலையிலிருந்து பாய்கிறான், புலியும் குட்டிகளும் தின்னக் கீழே கிடக்கிறான். மூன்று நிலையும் ஒரே சட்டத்துக்குள், நடுவே கோடு எதுவும் கிழிக்காமல். கண் ஒரு சுற்று சுற்றி வந்தால்தான் கதை முடியும். வடசுவரில் இருப்பவன் நமக்கு நன்றாகத் தெரிந்தவன்: புறாவுக்காகத் தொடையை அரிந்து கொடுத்த சிபி. சோழரின் முன்னோன் என்று சங்கப் பாடல்கள் புகழும் அதே சிபி, பிறந்த மண்ணிலிருந்து இவ்வளவு தொலைவில், தராசுக்குப் பக்கத்தில் அமைதியாக அமர்ந்திருக்கிறான். அதைப் பார்க்கும்போது எனக்கு வரும் நெகிழ்ச்சியை மறைக்க மாட்டேன்.

ஆனால் தாங் காலத்துக்கு முந்தைய மொகாவ் ஓவியங்களை நிறத்தை நம்பி மதிப்பிடக் கூடாது. உடல் நிறத்தில் கலந்த ஈயச் சிவப்பு காலப்போக்கில் கறுத்துவிட்டது. முகங்களெல்லாம் தடித்த கரிய வளையங்களாகவும், கண்ணிலும் மூக்கிலும் இட்ட வெள்ளைக் கீற்று மட்டும் பளிச்சென்றும் தெரிகிறது. அந்த முரட்டு அழகு ஓவியன் எண்ணியதல்ல. வேதியியல் செய்த வேலை.

தாங் காலத்தில் மொகாவ் முற்றிலும் வேறு உலகமாகிறது. கிசிலின் மடங்கள் பழைய பௌத்தப் பிரிவுகளில் ஒன்றான சர்வாஸ்திவாதத்தைச் சேர்ந்தவை. அங்கே சாக்கியமுனியின், அதாவது வரலாற்றுப் புத்தரின், வாழ்வும் முற்பிறப்புகளுமே பொருள். மொகாவில் பல புத்தர்களைப் போற்றும் மகாயானப் பிரிவு ஓங்கி, அமிதாப புத்தரின் சொர்க்கமான சுகாவதி சுவர் முழுக்க விரிகிறது. 642-ஆம் ஆண்டுக் குறிப்புள்ள 220-ஆம் குகையில் விளக்கு மரங்களின் நடுவே வட்டக் கம்பளத்தின் மேல் ஆடற்பெண்கள் சுழல்கிறார்கள். 112-ஆம் குகையில் ஒருத்தி பீப்பாவை முதுகுக்குப் பின்னால் பிடித்து மீட்டியபடியே ஆடுகிறாள். தாமரைக் குளம், மாடமாளிகை, நூற்றுக்கணக்கான உருவங்கள். ஆடம்பரம்தான், ஆனால் அதில் ஒரு கோடுகூடத் தளரவில்லை.

சிற்பத்தில் மொகாவ்தான், சந்தேகமே வேண்டாம். இரு இடத்திலும் பாறை நுண்மையாகச் செதுக்க இடம் கொடுக்காது. அதனால் மரம், நாணல், வைக்கோல் வைத்துக் கட்டி, மேலே மண் அப்பி, வண்ணம் தீட்டினார்கள். கிசிலில் அவை ஏறக்குறைய எல்லாமே அழிந்து, மாடங்கள் காலியாக நிற்கின்றன. மொகாவின் 45-ஆம் குகையில் போதிசத்துவர் (புத்தராகப் போகிறவர்) இடுப்பை லேசாக ஒடித்து, மூச்சுவிடப் போகிறவர் போல நிற்கிறார். 96-ஆம் குகையில் 35.5 மீட்டர் உயரப் புத்தர்.

இனி, இரண்டுக்கும் நேர்ந்த கொள்ளை. மொகாவில் 1900-இல் வாங் யுவான்லு என்ற தாவோ சமயத் துறவி 17-ஆம் குகையில் மூடிக் கிடந்த ஏட்டறையைக் கண்டார். 1907-இல் பிரிட்டனுக்காக வந்த ஆய்வுப் பயணி ஆரல் ஸ்டைனும், 1908-இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெல்லியோவும் ஆயிரக்கணக்கான சுவடிகளை அற்பத் தொகைக்கு வாங்கிப் போனார்கள். 868-இல் அச்சிட்ட வச்சிர சூத்திரம் என்ற பௌத்த நூல் அப்படித்தான் லண்டன் போனது. 1924-இல் அமெரிக்கர் லாங்டன் வார்னர் பசை தடவிய துணியால் சில ஓவியங்களையும் உரித்தெடுத்தார். அப்படியும் மொகாவின் சுவர்களில் பெரும்பகுதி தப்பியது. கிசிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1902 முதல் 1914 வரை வந்த ஜெர்மன் பயணக் குழுக்களில், குரூன்வெடல் ஓவியங்களை இருந்த இடத்திலேயே வரைந்து பதிவுசெய்ய வேண்டும் என்றார். லெ கோக் அறுத்தெடுக்க வேண்டும் என்றார். லெ கோக் பக்கம் வென்றது. ஓவியத்தைச் சுற்றிக் கத்தியால் கீறி, பக்கத்தில் சுவரைக் குடைந்து, பின்னால் ரம்பத்தை விட்டு அறுத்து, பெட்டி பெட்டியாக பெர்லினுக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு பகுதி இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் அழிந்தது. காப்பாற்றத்தான் எடுத்தோம் என்ற வாதத்தை இதற்குப் பிறகும் என்னால் ஏற்க முடியவில்லை. இன்று கிசிலில் பல சுவர்களில் ரம்பம் போன தடம்தான் மிச்சம்.

ஆக, ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் மொகாவுக்குப் போங்கள். சிற்பம், ஓவியம், காலத்தின் நீட்சி எல்லாம் அங்கே இன்னும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், பொதுச் சீட்டில் குறிப்பிட்ட சில குகைகள்தான், படம் எடுக்கக் கூடாது. 45-ஆம் குகை போன்ற சிலவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதில் கஞ்சம் பார்க்காதீர்கள். ஆனால் ஓவியம் மட்டுமே உங்கள் நாட்டம் என்றால், இந்தியாவில் தோன்றிய கதை வேற்று மண்ணில் எப்படி வேறு கையால் உயிர் பெற்றது என்று பார்க்க ஆசை என்றால், என் ஓட்டு கிசிலுக்கு. இரண்டுக்கும் போக வாய்த்தவர்கள் மேற்கிலிருந்து கிழக்காகப் போவது நல்லது. கிசிலின் நடுத்தூணைச் சுற்றி வந்த பிறகு மொகாவின் 254-ஐப் பார்த்தால், எது வந்தது, எது அங்கேயே பிறந்தது என்பது யாரும் விளக்காமலே புரியும்.

பயணம் இப்போதைக்கு இல்லை என்பவர்களுக்கு, மொகாவைப் பராமரிக்கும் துன்ஹுவாங் ஆய்வு நிறுவனம் 2016 முதல் மொகாவின் பல குகைகளை உயர்துல்லியப் படங்களாக இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. கைப்பேசியில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள்.